எஸ்தர் வீட்டுக் கயிறு

வகுப்பறை முழுக்கத் தொழுவ வாசனை... சாணமும் ஈர வைக்கோலும் கலந்த வாசனை. பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்லாம் எஸ்தர் கொண்டுவந்த மாட்டுக் கயிற்றால்தான்.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் பள்ளிக்கூடக் கடைசி வகுப்பு. பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் நிலமுள்ள வீட்டுப் பெண். எஸ்தருக்குப் பக்கத்து ஊர் திருப்புலிவனம்; அவள் அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர்.

ஒளி மின்காந்த அலை, அது குறுக்கலை, அதற்குச் சாட்சி தளவிளைவு, அதாவது ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவைப்பது... பிசிக்ஸ் சார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். எங்கள் மண்டையில் ஏறினால்தானே? படிகம் வைத்துக் காட்டப் பள்ளியில் வசதி இல்லை. "நீளமா ஒரு கயிறு கொண்டாங்க, காட்டுறேன்" என்றார்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைத் தரமாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறோடு வரவேண்டும். பழைய கயிறு வீட்டில் இருந்தால்தான் இன்னொரு மாடு வந்து சேரும் என்று நம்பிக்கை. எஸ்தர் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் கயிறு விஷயத்தில் ஊர் வழக்கம்தான்.

இருந்த ஒரே மாட்டை அப்போதுதான் விற்றிருந்தார்கள். "படிச்சது போதும், நடவுக்கு வா" என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்தர் நின்றுவிட்டால் வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான்.

கயிற்றின் ஒரு முனையை வராந்தா தூணில் கட்டினோம். ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே உள்ளே இழுத்து, நாற்காலி முதுகின் நெட்டுச் சட்டங்களுக்கு நடுவே விட்டு, மறுமுனையை எஸ்தர் பிடித்துக்கொண்டாள். மேலும் கீழுமாக ஆட்டினால் அலை தூண்வரை ஓடியது.

அப்போதுதான் அவள் அம்மா வந்தார். முழங்கால்வரை சேறு.

"கயித்த வெளிய எடுத்தாந்துட்டியாடி? இனிமே நம்ம வூட்ல மாடு தங்குமா?"

தூணிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். கயிறு அவர் கையில் துள்ளியது. திடுக்கிட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் புடிச்சிக்கினு இரும்மா" என்றாள் எஸ்தர். சார் நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்தார். சட்டங்கள் படுத்துக்கொண்டன. அலை நாற்காலியோடு நின்றது.

"இன்னாடி, ஆட்டறத வுட்டுட்டியா?"

"ஆட்டிக்கினுதாம்மா கீறேன். மேலும் கீழுமா ஆட்டுனா நாற்காலி வுடாது. பக்கவாட்டுல ஆட்டுனா ஜன்னல் வுடாது. வெளிச்சமும் இப்டிதாம்மா."

அவர் கையிலிருந்த கயிற்றையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த நாற்காலிய நிமித்துங்க சார்" என்றார். கயிறு மறுபடி அவர் கைக்குள் துள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

அவர் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், எஸ்தர் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை... அதே தொழுவ வாசனை. எஸ்தர் தோளில் கயிறு.

"இன்னொரு செக்ஷனுக்கும் காட்டணும்னு சொன்னேன். எடுத்துக்கினு போன்னு அம்மாவே குட்த்துச்சு."

எஸ்தர் பரீட்சை எழுதினாள், பாஸானாள், டீச்சர் ஆனாள்.

போன வாரம், கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் மகள் வாங்கித் தந்த கருப்புக் கண்ணாடியோடு செல்போனைப் பக்கவாட்டில் திருப்பினால், திரை இருண்டுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்... நாற்காலி ஞாபகம் வந்தது; இந்தக் கண்ணாடியும் ஒரு திசை அதிர்வை மட்டும்தான் விடும். நேராகத் திருப்பினேன், வெளிச்சம் வந்தது. உடனே எஸ்தருக்கு போன் போட்டேன்.

ரொம்ப நேரம் சிரித்தாள். இப்போதெல்லாம் பேரன் இதையெல்லாம் வீடியோவில் பார்த்துவிடுகிறானாம். கயிறும் வேண்டாம், வாசனையும் வேண்டாம்.

"அந்தக் கயிறு என்னடி ஆச்சு?"

"ஆணியில மாட்டிதான் கீது. அதுக்கப்பறம் எங்க வூட்டுக்கு மாடே வர்ல." என்றாள். "சாவற வரைக்கும் அம்மா அதுக்காவ என்னிய ஒரு வார்த்தை சொன்னதில்லடி."