நீலக் காரில் என் சுண்டுவிரல்

ஜோசப் தினமும் தொட்டு முத்தமிடும் அந்த விரலடையாளம் என்னுடையது. இறந்துபோன அவருடைய மகனுடையது என்று அவரை நம்பவைத்தவன் நான். ஏழு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபம் என்பதால் சொல்கிறேன்... அதுவும் ஒரு கோழைத்தனம்தான்!

நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிவீட்டில் தனியாக இருப்பவன். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. பென்ஷன் எடுத்த பிறகு பொம்மைக் கார்கள்தான் துணை. வார்ப்பு உலோகத்தில் செய்த, உள்ளங்கையளவு பழைய ஜெர்மன் கார்கள். அடித்தகட்டைக் கழற்றி, இருக்கிற பெயின்ட்டை உரித்து, நான் நினைத்த நிறத்தைப் பூசி, தேய்ந்த சக்கரங்களைக் கழற்றிப் புதுச் சில்லுப் போடுவேன். கைவேலையில் நான் கெட்டிக்காரன். அந்தத் திமிரும் எனக்கு நிறையவே உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜோசப் என்னைத் தேடி வந்தது அந்தக் கெட்டித்தனத்தைக் கேள்விப்பட்டுத்தான். துறைமுகத்தில் வேலை செய்தவர். லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பீட்டில் காரை, அந்த ஆமை முதுகுக் காரை, மேசையில் வைத்தார்.

"முன்சில்லு கழண்டு போச்சு அண்ணன். எட்டு வயசில டெங்குவில போன என்ர மகன் விளையாடினது. சில்லை மட்டும் பூட்டித் தாங்கோ."

சில்லை மட்டும்! எவ்வளவு தெளிவாகச் சொன்னார்...

காரின் மேல், வீட்டு இரும்புக் கேற்றுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட் தடித்துக் கிடந்தது. கதவோரம் வழிந்திருந்தது. தூரிகை மயிர்கூட ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு குழந்தைதான் இப்படிப் பூசியிருக்கும் என்று யோசிக்க எனக்கு என்ன கஷ்டம்? நான் யோசிக்கவில்லை. என் கண்ணுக்கு அது மோசமான வேலை, அவ்வளவுதான். சில்லைப் பூட்டுவதற்காக அடித்தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளைத் துளைத்துக் கழற்றினேன். காரின் கூடு தனியாகக் கைக்கு வந்தது. பழகிய கை, அதைக் கொண்டுபோய்ப் பெயின்ட் உரிக்கும் திரவத்தில் போட்டுவிட்டது. புதிதாக்கிக் கொடுத்தால் மனிதர் அசந்துபோவார், நாலு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்வார்... அந்த ஆசை!

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெறும் உலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணன், சொல்ல மறந்துபோனன். அந்தப் பெயின்ட் மகன் அடிச்சது. காய முதல் தொட்டுட்டான், கூரையில அவன்ர விரல் பதிஞ்சிருக்கு. அதைத் துடைச்சுப் போடாதேங்கோ."

"ஓம் ஓம், பயப்படாதேங்கோ," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அது வெறும் தவறாகவே போயிருக்கும். அவர் என்னைத் திட்டியிருப்பார், அழுதிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

வேலை தொடங்குமுன் எந்தக் காரையும் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அந்தப் படங்கள் இருந்தன. ஹாட்வெயார் கடையில் அதே நீலத்தில் ஒரு சின்ன டின் வாங்கினேன். படங்களைப் பார்த்துப் பார்த்து, நேர்த்தியாகப் பூசப் பழகிய கையால் கேவலமாகப் பூசினேன். வழிந்திருந்த இடத்தில் வழியவிட்டேன். தூரிகையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி ஒட்டினேன். பெயின்ட் பிசுபிசுக்கும் பதத்தில் கூரையில் விரலை வைக்க வேண்டும். ஆள்காட்டி விரல் பெரிது. எட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கு என் சுண்டுவிரல்தான் அளவு. அழுத்தினேன்.

ஜோசப் வந்தார். கூரையைத் தடவிப் பார்த்தார். "அப்பிடியே இருக்கு அண்ணன்," என்று விம்மி அழுதார். உங்களிடம் மறைக்க மாட்டேன்... அந்த அழுகையைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது பெருமை! வெட்கம், அவர் படியிறங்கிப் போன பிறகுதான் வந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்து, இரண்டு பஸ் மாறி என்னிடம் வருகிறார். என் கதவைத் தட்டும் ஒரே மனிதர் அவர்தான். மகனைப் பற்றிக் கதைப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன்... அவர் மனம் உடைந்துவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பொய்! சொன்னால் அவர் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு மற்ற நாட்களைப் போலாகிவிடும். அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியது.

போன ஞாயிறு தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"இருதயம் சரியில்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். என்ர மனுசியிட்டச் சொல்லிப்போட்டன், என்னைப் பெட்டியில வைக்கேக்க அந்தக் காரையும் கைக்குள்ள வைக்கச் சொல்லி. பிள்ளையின்ர விரலைப் பிடிச்சுக்கொண்டு போயிருவன் அண்ணன்."

இதைவிட்டால் இன்னொரு சந்தர்ப்பம் வராது என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சீனி போடவோ?" என்று கேட்டேன்.