டயரில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

உலகத்தில் எந்தப் பொருளைத் தூக்கி எறிய வேண்டுமென்றாலும் அதன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று சின்ன வயதில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் வேலை அப்படி. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் பிரிவில் இருந்தாள். நல்ல பாகத்துக்குப் பச்சை, கீறலோ விரிசலோ இருந்தால் சிவப்பு. அம்மா சிவப்பு ஒட்டிவிட்டால் மேனேஜரே வந்து சொன்னாலும் அது மறுபடி லைனுக்குப் போகாதாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தாசில்தார் மிடுக்கு வந்துவிடும்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். நான் ஆறாவது படித்த வருடம் அந்த மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. காயம் ஆறிவிட்டது. 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற கம்பெனிதான் மூன்று மாதமாகியும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். தெருவுக்கே போக மாட்டார். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் சைக்கிள் டயர் கிழிந்தது. ஸ்கிராப் லாரியிலிருந்து சிந்திய இரும்புச் சுருள் ஒன்று பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழித்துவிட, டியூப் கோலிக்குண்டு மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது. பஞ்சர் கடைக்காரர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஆவாதும்மா, வேற டயர் போட்டுக்கோ" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். ஓரத்தில் நீலக் கோடு போட்ட டயர் ஒன்றை நான் ஏற்கெனவே அவர் கடையில் பார்த்து வைத்திருந்தேன்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் அப்பா எழுந்து வந்து பார்த்தார். மூன்று மாதத்தில் அவர் ஒன்றை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தது அன்றுதான். "உள்ள ஒரு டயர்த் துண்டு வெச்சித் தெச்சா ஓடும் பாப்பா. நானே பண்றேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவின் ஓவர்கோட் பையில் நாலைந்து சிவப்பு ஸ்டிக்கர்கள் மறதியாக வீட்டுக்கு வந்திருந்தன. கம்பெனியிலிருந்து ஒரு குண்டூசிகூடக் கொண்டுவராதவள் அவள். திருப்பிக் கொடுப்பதற்காக அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றை உரித்து, டயரைத் துடைத்து, கிழிசலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'அடிபட்டது' என்று எழுதினேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவிடம், அப்பாவுக்கு முன்னாலேயே தீர்ப்புச் சொன்னேன்: "ஒருவாட்டி அடிபட்டா அவ்ளோதாம்மா. தூக்கிப் போட்டுடணும். நீதான சொல்லுவ?"

முதுகில் ஓர் அறை விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே இல்லை. அப்பா துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். ஸ்டிக்கர் திருடியதற்குத்தான் அடி என்று நினைத்து மிச்ச ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து நீட்டினேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"நாளைக்கி ஞாயித்துக்கெழம. அந்த டயர தெச்சிக் குடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"அவதான் வேணாங்கறாளே."

"அவளுக்கு இன்னா தெரியும்? எனக்கு வேணும்."

மறுநாள் அப்பா டயரைக் கழற்றிப் பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, கோணி ஊசியும் நைலான் நூலுமாக உட்கார்ந்தார். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஊசி நிற்கவே மாட்டேன் என்றது. நழுவி விழும், எடுப்பார், மறுபடி விழும். பொறுக்கமாட்டாமல் நான் ஊசியை வாங்கக் கை நீட்டினேன். அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து நாற்றம் வந்தது. அவள் அப்படியே நின்றாள்.

மதியத்துக்கு மேல் டயர் ஏறியது. காற்றடித்தும் டியூப் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா சைக்கிளில் ஏறிப் பெல்லை அடித்துக்கொண்டே தெருமுனை வரை போய்வந்தார். கையை மூடும் துண்டு வாசற்படியில் கிடந்தது.

திங்கட்கிழமை மாலை, கம்பெனியிலிருந்து குண்டூசிகூடக் கொண்டுவராத அம்மா, டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்திலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை உரித்தெடுத்தாள். என் சிவப்பின் மேலேயே அதை ஒட்டினாள்.

"நான் எடுத்தா மட்டும் அடிப்ப!" என்று மல்லுக்கு நின்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஸ்டிக்கரின் ஓரங்களை மூன்று விரல்களாலும் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுப்போட்ட ஒரு டயருக்குப் போய் இவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.