எஸ்தர் அக்கா பிடுங்கிய ஆணி

கொட்டகலையில் கடை வைத்திருக்கும் காதர் நானா, சீனியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "புள்ள, ஒங்க பைபிளம்மா மவுத்தாயிட்டாங்களாமே. நல்ல மனுசி" என்றார். எஸ்தர் அக்கா இறந்த செய்தி கடைவரை வந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்ற நம் சபைக்காரர் ஒருவர் உடனே, "ஆணியப் பிடுங்குனாங்கல்ல? அது சும்மா விடுமா?" என்றார். அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

சபையாரே, துணிப்பையில் வேதப்புத்தகத்தைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்த எஸ்தர் அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நீங்கள் இப்படிப் பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வருஷம், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் புஷ்பத்துக்குப் பேய் பிடித்தது என்றீர்கள். அவள் வெறித்துப் பார்த்தாள். அவள் பேசியது அவளுடைய குரலாக இல்லை. நானும் பார்த்தேன், பயந்தேன். ஞாயிறுதோறும் நம் ஜெபவீட்டு மணியை அடிக்கும் அவளுடைய அப்பாவே அவளைக் கட்டில் காலில் கட்டி, மிளகாய்ப் புகை போட்டு, பிரம்பையும் எடுத்தார். எஸ்தர் அக்கா நனைந்த சேலையோடு உள்ளே வந்து புகைச்சட்டியில் தண்ணீரை ஊற்றினார்.

"கைய எடுங்கண்ணே. ஆண்டவர் அதட்டுனது பேயத்தான், புள்ளைய இல்ல."

கட்டை அவிழ்த்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், இயேசுவின் நாமத்தில் வெளியே போ என்றார். ஒரே தடவை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, அதுக்குக் காதுல விழ வேணாமா?"

"தோட்டத்துத் தொரை கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டக் கொண்டு போறவன் கத்துறானா? நீட்டுனா போதும். அதிகாரம் கையெழுத்துல இருக்கு, என் தொண்டையில இல்ல."

எல்லாரும் சிரித்தீர்கள். புஷ்பம் தூங்கிப்போனாள். எழுந்ததும் பசிக்கிறதென்று ரொட்டி கேட்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் அவளுடைய அப்பாவும் வேறு சிலரும் அவள் உச்சிமுடியில் ஒரு கற்றையை வெட்டி, மேட்டுச் சவுக்கு மரத்தில் ஆணி வைத்து அறைந்தார்கள், போன பேய் அங்கேயே கிடக்கட்டும் என்று. ஜெபமும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்! அக்கா குறடு கொண்டுபோய் ஆணியைப் பிடுங்கினார்.

"ஆண்டவர் சொன்னது பத்தாதுன்னு ஒரு ஆணி வேறயாண்ணே? அவருக்கு ஒத்தாசையா?"

பிறகு ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல ஆணி" என்றார். அதை நம் ஜெபவீட்டுக் கதவுக்குப் பின்னால் அடித்துத் தன் குடையை மாட்டினார்.

இரண்டு கம்பி ஒடிந்து, துணி கிழிந்த குடை. இந்த மழைக்காலம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டு நோயாளிகளைத் தேடி நடந்தார். ஞாயிறுதோறும் அது ஆணியில் தொங்குவதைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். ஒருவரும் வேறு குடை கொடுக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் போய்விட்டார். பேய் கொன்றதாம்! சகல அதிகாரமும் ஆண்டவருக்கே என்று பாடிவிட்டு, கல்லறையில் நின்று பேய் ஜெயித்துவிட்டது என்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

அடக்கத்தன்று புஷ்பம் குழியருகே அழுது மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "திரும்பி வந்துருச்சு" என்று கிசுகிசுத்தீர்கள். அதே ஆணியை அதே மரத்தில் அறைந்தால்தான் அடங்கும் என்று யாரோ சொல்ல, அவளுடைய அப்பா குறட்டோடு ஜெபவீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் குடையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் குறட்டை ஆணியில் வைத்தார்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"கைய எடுங்க மாமா. ஆண்டவர் அதட்டுனது பேயத்தான், புஷ்பத்த இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். குறடு தாழ்ந்தது.

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"எனக்கும்தான் மாமா."

குடையை எடுத்து மறுபடி மாட்டினேன்.

குடையும் ஆணியும் அங்கேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது அக்காவின் அந்தச் சத்தம் போடாத குரலை. அதனால்தான் இவ்வளவு கோபத்தையும் தாளில் எழுதி வந்து, உங்கள் முன்னால் கத்தாமல் வாசிக்கிறேன். புஷ்பம் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இனி யாரும் அவள் மேல் கை வைக்காதீர்கள்.