பக்கத்துத் தெருவுக்காக நின்றவர்

எங்கள் குழாயில் தண்ணீர் வராததால் மாநகராட்சி அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் சின்ன காஞ்சிபுரத்து நெசவுக்கார அம்மா ஒருவர் நின்றார். காய்ந்த தரையிலும் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் வீட்டுத் தறிக்குழிக்குள் சாக்கடை பொங்கிவிட்டதாம்.

"பார்க்கலாம்மா" என்றார் அதிகாரி.

"அந்தக் குழியில காலை வெச்சிக்கினுதான் சார் நெய்யணும். ஆள் அனுப்புங்க, அப்புறம் போறேன்."

குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. அன்றே அடைப்பை எடுத்தார்கள்.

அடுத்த வாரமும் எங்கள் குழாய் வறண்டுதான் கிடந்தது. மறுபடி போனேன். அந்த அம்மாவும் நின்றிருந்தார்.

"திரும்பப் பொங்கிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல இல்லபா. எங்ககிட்ட எடுத்துவிட்டது பக்கத்துத் தெருவுல போய் அடைச்சிக்கினு இருக்குது. அது எங்க வீட்டுத் தண்ணிதானே?"

என் முறை வந்ததும், குழாயைச் சொல்வதற்கு முன் அந்தத் தெருவைச் சொன்னேன்.