பென்னலூர் நீல வண்டி

1991இல் எங்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. படப்பையில் நானும் என் கணவரும் செடிப் பண்ணை வைத்திருந்தோம். பூச்செடித் தொட்டிகளை வாடகை வண்டியில் ஏற்றி மெட்ராசுக்கு அனுப்பினால் பாதி வழியிலேயே உடைந்துவிடும். பென்னலூரில் ஒரு பழைய பிக்கப் விலைக்கு இருப்பதாக எங்களுக்கு உரம் விற்பவர் சொன்னார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. ஓட்டிய மனிதர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி அதை வாசலில் நிறுத்திச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். சாக்கை எடுத்ததும் என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பளீரென்ற நீலம், கதவில் சிவப்பு ரோஜா, உள்ளே பஸ் சீட்டு, பின்னால் தேக்குப் பலகைப் பெட்டி.

"பொட்டியும் சீட்டும் பெயின்டும் எங்க வூட்டுக்காரரு பண்ணது. டீசல் இன்ஜினும் அவரு மாத்துனதுதான், ஆர்.சி. புக்குல ஏத்திகீது. மத்ததெல்லாம் வந்தப்ப எப்டியோ அப்டியே கீதும்மா," என்றார் அந்த அம்மா.

அந்த வருடம் எங்கள் சாலையில் போலீஸ் சோதனை அதிகம். வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பரில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தாலும் வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றுவிடும். பழைய நம்பரை அரத்தால் தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடித்த வண்டிகளைத் தாம்பரத்தில் என் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன். என் கணவருக்கு முதுகு வளையாது. நான்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவியதும் நம்பர் வெள்ளையாக எழுந்து வந்தது. ஒரே இடைவெளி, ஒரே ஆழம். சுற்றிலும் அரம் பட்ட தடமே இல்லை. நான் படிக்கப் படிக்க, என் கணவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து "சரி, சரி" என்றார்.

பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. டிரைவர் பக்கத்து மட்கார்டில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. நசுங்கலை மறைக்கத் தகரத்தின் மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். மறுபடி அடியில் போய்ப் பார்த்தால், அந்தப் பக்கத்துச் சேஸ் சட்டத்தில் நீளமான வெல்டிங்.

"அம்மா, வண்டி முன்பக்கம் எங்கியோ பலமா மோதியிருக்கு," என்றேன்.

"மோதறதாவது! அவரு கையில ஒரு கீறல்கூட பட்டதில்ல."

விலையைக் குறைக்கப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். டார்ச்சை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மண்ணிலேயே படுத்துப் பார்த்தார். வெல்டிங் தடத்தை விரலால் தடவினார். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சின்னவ வயித்துல இருந்தப்போ நெல்லூருக்கு லோடு போனாரு. ஒரு மாசம் வரல. வந்தப்போ காலை இழுத்துக்கினு வந்தாரு. மூட்டை எறக்கசொல்லோ வழுக்கிட்டேன்னாரு. கடைசி வரைக்கும் அந்தக் காலு நேராவல."

டார்ச்சை அணைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ அது பொய்யி. இத்தினி வருசமா என்கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்துகீறான் மனுசன்!" கண்ணில் நீர் இல்லை, கோபம்தான். பானட்டை ஓங்கித் தட்டினார். "இன்னிக்கு விக்கல. ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வாங்க."

"நம்பர் சரியா இருந்துச்சுல்ல, அத்தோட விட்டிருக்கலாம் நீ," என்றார் கணவர், திரும்பும் வழியில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அதற்குள் அவர், அதே வண்டியில் கிளீனராகப் போன தன் கொழுந்தனைப் பிடித்துக் கேட்டிருந்தார். சூளூர்பேட்டை தாண்டிப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பிள்ளைத்தாச்சியிடம் சொல்லக் கூடாதென்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"சரி, புள்ள பொறந்தப்புறம் சொல்லியிருக்கலாமில்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"சொன்னா நீங்க மறுபடி வண்டி எடுக்க வுடமாட்டீங்கன்னு பயந்திருப்பாரு."

"வுட்டிருக்கமாட்டேன்தான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாவியைக் கொடுக்கும்போது, நாங்கள் கேட்காமலே விலையையும் குறைத்தார். பேர் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. வண்டி பல வருடம் எங்கள் தொட்டிகளைச் சுமந்தது. டிரைவர் பக்கத்து முன்சக்கரம் மட்டும் எப்போதும் சீக்கிரம் தேயும். டயர் மாற்றும்போதெல்லாம் கணவர் முணுமுணுப்பார். தெரிந்துதானே வாங்கினோம் என்பேன்.