சாணி வண்டு ஏறி வானம் போன வல்லத்துக்காரன்

பொம்மலாட்டத்துக்கு ஊர் ஊராகப் போய் வாய்ப்புப் பிடிக்கிற தொழிலில், பேரம் பேசாத ஒரே ஆள் பொம்மைதான். பந்தல்காரர், மைக்செட்காரர், சமையல்காரர் என்று அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் நின்றே பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் சொல்லி அழுதால்தான் எனக்கும் ஆறும்.

நான் படித்ததெல்லாம் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில். மலை ஏறி இறங்குகிறவர்களிடம் வெள்ளரிப்பிஞ்சு விற்று, ஏமாந்து, சண்டை போட்டுப் பேசக் கற்றவன். ஏழுமலை அண்ணனுக்குப் பொம்மை ஆட்டவும் அதற்குக் குரல் கொடுக்கவும் தெரியும், பேரம் பேச வராது. அவர் மனைவி பச்சையம்மா அண்ணி துணைக்குக் குரல் கொடுப்பார். குழு என்றால் இந்த மூன்று பேர்தான்.

எங்களுக்குச் சோறு போடுகிற ஆட்டம் கிரேக்க நாட்டுப் பழைய வேடிக்கைக் கதை ஒன்று. ஓயாத போரில் நொந்துபோன விவசாயி ஒருவன், ஒரு சாணி வண்டைத் தீனி போட்டு வளர்த்து, அதன் முதுகில் ஏறி வானத்துக்கே போய் நியாயம் கேட்கிறான். அங்கே சாமிகள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயாச்சு. வாசல் காவல்காரன் மட்டும் இருக்கிறான். சமாதானம் என்கிற பெண்ணைப் பள்ளத்தில் தள்ளிக் கல்லால் மூடி வைத்திருக்கிறார்கள். ஊரைக் கூட்டி, கயிறு போட்டு, அவளை இழுத்து வெளியே கொண்டுவருகிறான். அங்கே திராட்சை போட்டவன், எங்கள் கைக்கு வந்ததும் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் வேர்க்கடலை போடுகிறவன் ஆகிவிட்டான்.

வாகனம்

மேல்மலையனூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் பேசப் போனேன். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் விழாக்குழுத் தலைவர் முகம் சுளித்தார். "இன்னாது, சாணி வண்டா? மயிலு, கருடன்னு எதுவும் கிடைக்கலையா உனக்கு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "மயிலு முருகனுக்கு, கருடன் பெருமாளுக்கு. குடியானவனுக்கு எந்தச் சாமி வாகனம் குடுத்துச்சி? அவன் மாட்டுக்கொட்டாயில கிடைச்சது அதுதான்!" என்று கத்திவிட்டேன். இந்த ஊர் போச்சு என்று துண்டை உதறி எழுந்தேன். அவர் வாசலில் கட்டியிருந்த தன் மாட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி, வண்டே வரட்டும். கோயில் வாசல்ல மட்டும் நிறுத்தாத. எவனாவது மாலை போட்டுடுவான்."

கயிறு

கயிற்றின் நுனியைத் திரைக்கு வெளியே பார்வையாளர்களிடம் வீசுவோம். எல்லாரும் ஒரே பக்கமாக இழுத்தால்தான் சமாதானம் பள்ளத்திலிருந்து எழுவாள். அனந்தபுரம் பக்கத்து ஊர் ஒன்றில், எழுந்து வந்தவர்கள் இரண்டு தெருக்காரர்கள். கயிற்றைப் பார்த்ததும் பொங்கலுக்குக் கயிறு இழுக்கிற போட்டி நினைப்பு வந்துவிட்டது. நடுவில் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். திரை சாய்ந்தது. சமாதானம் பறந்து வந்து என் மண்டையில் விழுந்து, அங்கிருந்து மண்ணுக்குப் போனாள்.

நான் வேட்டியை மடித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, பொம்மையை ஒரு கையால் தூக்கி, மண்ணைத் தட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி ஆம்பளைங்க சேந்து ஒரு பொண்ண வெளிய கொண்டாரத் தெரியலியே, தூ!"

குரல்

போன மழைக்காலத்தில் ஏழுமலை அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்பாது என்றுவிட்டார்கள். காற்று மட்டும்தான் வருகிறது. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முன்பே பேசி வைத்திருந்தேன். தலைமையாசிரியை எங்கள் ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்தவர். வேர்க்கடலைக்காரன்தான் வேண்டும் என்று கேட்டு அழைத்தவர். விஷயம் கேள்விப்பட்ட ஒரு நண்பர், பேசிக்கொண்டே ஆட்டுகிற வேறு ஆளைப் போட்டுவிடு என்று யோசனை சொன்னார். அவரோடு எனக்கு இப்போது பேச்சில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், பின்னால் அண்ணி. விவசாயி பொம்மையை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து இனி ஆட்டம் வேண்டாம் என்பது போல மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். அந்தப் பொம்மை வேறு வீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை.

"கைக்கு இன்னா கேடு வந்துச்சி? கை நல்லாத்தான இருக்குது!" என்று தெரு கேட்கக் கத்தினேன்.  மறுபடி கத்தினேன். அண்ணன் மெதுவாகத் துணியைப் பிரித்துப் பொம்மையைக் கையில் மாட்டினார். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தது. பிறகு எட்டி என் உதட்டைத் தொட்டது.  அண்ணிதான் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்:

"கத்துறதுக்குன்னே பொறந்த வாயி, நல்லதுக்கு ஒருதரம் ஆகட்டுமே, குரலு குடுங்க."

கட்டைவிரல்

எங்கள் பொம்மைக்கு வாய் அசையாது. தலை அசைவதை வைத்துத்தான் பேசுவது தெரியும். நானோ பஸ் கிளம்புவதற்குள் விற்கிற வேகத்தில் பேசுகிறவன். அதனால் திரைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு. அண்ணன் முழங்கையால் இடித்தால் நான் பேச வேண்டும், என் கால் கட்டைவிரலை மிதித்தால் நிறுத்த வேண்டும். ஒத்திகையின் முதல் வாரம் அவர் இடித்தது குறைவு. விரல் வீங்கி, தைலம் வாங்க மருந்துக்கடைக்கு நொண்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நாடகக்காரங்க தொண்டைக்குத்தான வாங்குவாங்க, நீ இன்னாய்யா காலுக்குக் கேக்குற?"

வானத்து வாசல்

பள்ளி விழா. வண்டு வானம் ஏறும்வரை எல்லாம் நல்லபடி போனது. வானத்து வாசலில் காவல்காரனாக அண்ணி குரல் கொடுத்தார். "எவனும் இல்ல, போய்யா!" அங்கே விவசாயி கெஞ்ச வேண்டும். 'போய்யா' என்று கேட்டதும் எனக்குக் கெஞ்சல் மறந்துவிட்டது. "யாருய்யா நீ போகச் சொல்ல? சாமிங்களுக்கு நெல்லு வேணும், கடலை வேணும், பொங்கல் வேணும், கேள்வி மட்டும் கேக்கக் கூடாதா?" என்று பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் மிதித்தார். நான் நிறுத்தவில்லை. மறுபடி மிதித்தார். நிறுத்தவில்லை.

அப்போது பொம்மை தானாக உட்கார்ந்துவிட்டது. தலை கவிழ்ந்து, இரண்டு கைக்குள்ளும் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அண்ணன் கையை உருவிக்கொள்ளப் போகிறார், இனிமேல் வரமாட்டார் என்று பயந்து பேச்சை நிறுத்தினேன்.  மண்டபம் அடங்கிவிட்டது. பொம்மையின் முதுகு லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதன் மூச்சோடு என் மூச்சை விட்டேன். கடைசியில் எனக்கே கேட்காத குரலில், "முடியலைங்க. அவள வுட்டுடுங்க" என்றேன். முழங்கை வந்து என் விலாவில் மெல்லச் சாய்ந்து, அங்கேயே இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "வுட்டுடுங்க அங்கிள்!" என்று அழுதது. அண்ணி வசனத்தை விட்டுவிட்டு, பள்ளத்தை மூடியிருந்த கல்லை நகர்த்தினார்.

ஆட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை திரைக்குப் பின்னால் ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய், அண்ணன் கையைப் பொம்மையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பேசினது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"குரலு போயிடுச்சின்னு சொன்னாங்க, முன்னைக்கு இப்ப எவ்ளோ நல்லாப் பேசுறீங்க சார்! அடுத்த வருசமும் நீங்களேதான் வரணும்."

அதற்கப்புறம் போகிற ஊரிலெல்லாம் நானும் அண்ணனும் சேர்ந்துதான் ஒரு ஆள், சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு இலை போடச் சொல்கிறோம்.