ஊருக்காகப் பட்டினி கிடந்த அய்யம்மாள்

என் அக்கா அய்யம்மாளை எங்கள் தெருவில் சாமி என்றார்கள். நான் மட்டும்தான் பைத்தியம் என்றேன். இரண்டும் தப்பு என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். அந்த டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால்தான் விளங்கும்.

அப்பா இல்லாத வீடு. அம்மா பாலம்மாள் சொன்னதுதான் சட்டம். அக்காவுக்கு எங்கள் ஊர் ராஜபாளையத்திலேயே ஒரு நூல் மில்லில் வேலை. தொண்ணூற்றைந்தாம் வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் படியேறினாள். "ஏட்டி வெள்ளத்தாய், ஒடம்பு காத்து மாதிரி இருக்குடி!" என்று எனக்கு முன்னால் ஓடினாள். நான் இட்லி தின்றுவிட்டு வந்த பாவி. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அடுத்த வாரம் ஜாக்கெட் தைக்கிறவர் அளவெடுத்துவிட்டு, "இப்பத்தான் அம்சமா இருக்க தாயி" என்று வாயை வைத்தார். அந்த மனுஷன் வாயில் மண்ணைப் போட! அக்காவுக்கு அந்த வார்த்தை வெல்லமாகிவிட்டது.

புரட்டாசி முடிந்தது, விரதம் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு என்று, எந்தக் கிழமை சோறு போட்டாலும் அந்தக் கிழமைக்கு ஒரு சாமியை அக்கா தயாராக வைத்திருந்தாள். மற்ற நாளிலும் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் மோர், அவ்வளவுதான். பெண் சும்மா சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். சாமி பேரைச் சொன்னால் யார் கேட்பது? அம்மா குழாயடியில் நின்று பெருமையடித்தாள். "எம் மவ பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கா. யாருக்கு வரும் அந்த வைராக்கியம்?"

அடுத்த வீட்டுத் தனுஷ்கோடி அண்ணனுக்கு வெளியூரில் வேலை. வியாழக்கிழமை விரதம் இருந்தால் சொந்த ஊருக்கே மாறுதல் வரும் என்று யாரோ ஜோசியர் சொல்லியிருந்தார். அண்ணனோ பத்து மணிக்கு வடை கிடைக்காவிட்டால் கை நடுங்குகிற ஆள். "தாயி, எனக்காக நீ இருந்துரேன்" என்று அக்காவிடம் வந்து நின்றார். அக்கா இருந்தாள். மாறுதலும் வந்து தொலைத்தது!

பிறகு கேட்க வேண்டுமா? மகன் பரீட்சையில் தேற, காணாமல் போன ஆடு திரும்ப, மாமியார் வாய் அடங்க என்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. "இந்த மாசம் வெள்ளிக்கிழமை காலி இல்லத்தா. புதன் போதுமா?" என்று அம்மா நாள் ஒதுக்கிக் கொடுத்தாள்.

இதில் இன்னொரு கூத்து. சாப்பிடாதவளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் சாப்பாட்டுப் பேச்சுதான். வாரப் பத்திரிகைகளில் வரும் சமையல் குறிப்புகளை மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோலப் படிப்பாள். மில்லிலிருந்து வந்ததும் நேரே அடுப்படி. பருப்பு உருண்டைக் குழம்பு, சீயம், அதிரசம் என்று ஆக்கிப்போட்டு, ஒவ்வொரு கவளமும் என் வாய்க்குள் போவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். "எப்டி இருக்கு? இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டா?" அக்கா விரதம் இருக்க இருக்க நான் பருத்தேன். என் பழைய ஜாக்கெட் எதுவும் எனக்குச் சேரவில்லை.

சித்திரை வெயிலில் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபோதுதான் நான் அவளை உற்றுப் பார்த்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு நின்று பல மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"விரதக்காரி சுத்தமா இருக்கணும்னு சாமியே நிப்பாட்டிருச்சுடி" என்றாள் அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்தில் சட்டியை உடைத்தேன். இவள் செத்துப்போவாள், இந்த ஊர் அதற்கும் மாலை போடும் என்று நினைத்து அழுதேன்.

அதில் பாதி அப்படியே நடந்தது. மறு புரட்டாசியில் அதே மலையில், பாதிப் படியில் அக்கா கண் சொருகி விழுந்தாள். "சாமி வந்துருச்சு!" என்று ஒருத்தர் கத்தினார். நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசினார்கள். "பெருமாள் யார் மேலயும் வரமாட்டாரு, இது கருப்பசாமி" என்று இன்னொருத்தர் சண்டைக்கு வந்தார். எந்தச் சாமி என்று தீர்வதற்குள் ஒரு பெரியம்மா மாலையைப் போட்டு, "எம் மவளுக்கு எப்பக் கல்யாணம்னு சொல்லு சாமி" என்று குறி கேட்க உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளுங்கலே! சாமியுமில்ல, பூதமுமில்ல. பசி மயக்கம்!" என்று கத்தி அவளை அள்ளித் தூக்கினேன். என் அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். என் தோளில் ஒரு தலையணை அளவுக்குத்தான் கனத்தாள். அப்போதுதான் கூட வந்திருந்த அம்மா முகம் வெளுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஜெயபாய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாடி பார்த்தார், மாதவிலக்கை விசாரித்தார், அம்மாவின் விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"சாமி நிறுத்தலம்மா, மூளை நிறுத்தியிருக்கு. உடம்புக் கொழுப்புல இருந்து லெப்டின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். கண்டுபிடிச்சே ரெண்டு வருஷம்தான் ஆகுது. கொழுப்பு கரைஞ்சா அது குறையும். உடனே மூளைக்கு அடியில பாதாம்பருப்பு அளவு இருக்குற ஒரு இடம், நாட்டுல பஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிடும். பிள்ளை பெறுற வேலையை மொதல்ல நிறுத்தும். சூட்டைக் குறைக்கும்."

"ஆனா இவளுக்குப் பசியே இல்லங்காளே?" என்றாள் அம்மா.

"நாள் முழுக்கச் சமையல் குறிப்பு படிக்கிறவளுக்கா பசி இல்ல? மூளை சோறு சோறுன்னுதான் கத்துது. ஆனா நமக்குச் சோத்தைக் கண்டா சந்தோசப்படுற மூளை நரம்புப் பாதை, இவளுக்குச் சோத்தைத் தள்ளி வச்சாத்தான் சந்தோசப்படுது. தட்டைக் கண்டா பயம் வருது. இது பைத்தியமும் இல்ல, பக்தியும் இல்ல, நோய். ஒரேயடியாத் திணிச்சாலும் ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமா, மாத்திரை மாதிரி நேரத்துக்குக் குடுக்கணும். பசி பொறவுதான் வரும்."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. சில பேருக்கு ரொம்ப நாளாகும்."

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ஊருக்கு வாக்குக் குடுத்துருக்கேன். தெய்வக் குத்தம் ஆயிரும்" என்றாள்.

என் அம்மா அப்போது செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ராஜபாளையம் போய் வீடு வீடாக ஏறி விரதங்களைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒங்க வெள்ளிக்கிழமைய நீங்களே வச்சுக்கிடுங்க. எம் மவ இருக்க மாட்டா." ஒருத்தி கோபித்துக் கதவைச் சாத்தினாள். தனுஷ்கோடி அண்ணன் ரோஷப்பட்டுத் தன் வியாழக்கிழமையைத் தானே இருந்து பார்த்தார். பதினொரு மணிக்கு டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டார்.

பிறகு வந்த மாதங்கள் லேசானவை அல்ல. அக்கா கஞ்சியை முறைத்தாள், தட்டைத் தட்டிவிட்டாள், எங்களைக் கொலைகாரிகள் என்றாள். அம்மா அழுதுகொண்டே மறுபடி ஊட்டினாள். எடை மெல்ல ஏறியது. ஆனால் ஒருநாளும் பசிக்கிறது என்று சொன்னதில்லை. போன பசி இனி வராமலே போய்விடுமோ என்றுதான் நாங்கள் பயந்தோம்.

பங்குனியில் ஒருநாள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். வண்டி ஊரைத் தாண்டியபோது வழியோரக் கடையில் வடை போடும் வாசம் வந்தது. அக்கா அம்மா காதருகில் குனிந்து, கூச்சத்தோடு, "அம்மா, பசிக்குதும்மா" என்றாள்.

"ஏப்பா, வண்டிய நிப்பாட்டு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தே விட்டார்.

"யாருக்கு என்னாச்சு?" என்று கண்டக்டர் ஓடிவந்தார்.

"எம் மவளுக்குப் பசிக்குதுய்யா!"

"பசிக்கா பஸ்ஸ நிப்பாட்டுவாக? நல்லாருக்கே கூத்து!"

அம்மா இறங்கியே விட்டாள். வடையை முந்தானையில் ஏந்திக்கொண்டு, கண்ணீர் வழிய ஓடிவந்தவளைப் பார்த்ததும் கண்டக்டர் ஊதுவதற்கு வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்க்க, அக்கா ஒரு வடையை முழுசாகத் தின்றாள். எண்ணெய் விரலைத் துடைக்கக்கூட இல்லை.

"இன்னொன்னு குடும்மா" என்றாள்.